பதினைந்திலும் பதின்மூன்றிலும் ஆடிய இட்ரிஸ்

1

இட்ரிஸ் பொய் சொல்கிறார் என்று எனக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. பெயரிலேயே சந்தேகம் தொடங்கியது. காலையில் வேலைக்கு ஏறியதும் அன்றைக்கு யார் யாரை ஏற்ற வேண்டும் என்று கைபேசிக்குத் தகவல் வரும். அதில் இட்ரிஸ் என்று பார்த்ததும், காத்தான்குடி முஸ்லிம் ஆள் இத்ரீஸ் யாரோ கிழக்கு லண்டனில் பார்க்கிங் நகரில் வந்து குடியிருக்கிறார், வழியில் தமிழில் நாலு கதை கதைக்கலாம் என்று சந்தோசமாகப் போனேன். கதவைத் திறந்தவர் ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரக் கிழவர். மூக்கு ஒரு பக்கம் பார்த்தது, வாய் மறுபக்கம் பார்த்தது. காது இரண்டும் ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மா மாதிரி இருந்தன.

“இட்ரிஸ் எங்கை?” என்று கேட்டேன்.

“உமக்கு முன்னாலைதான் நிக்கிறார்.”

“இது உங்கட சொந்தப் பேரோ?”

“என்ர அப்பா வைச்ச பேர். வேல்ஸிலை எங்கட பள்ளத்தாக்கிலை தடுக்கி விழுந்தா ஒரு இட்ரிஸுக்கு மேலைதான் விழவேணும். ஏன் காணும், வண்டியிலை ஏத்திறதுக்குப் பிறப்புச் சான்றிதழும் பாப்பீரோ?”

அவர் பேசியது ஆங்கிலம்தான். அதுவும் பாட்டுப் போல ஏறி இறங்கும் வேல்ஸ் ஆங்கிலம். ஆனால் எனக்கு யார் எதைச் சொன்னாலும் நினைவில் எங்கள் தமிழில்தான் தங்குகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன். அவருடைய குடும்பப் பெயரை எழுதமாட்டேன். நோயாளியின் விபரத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

நான் கிழக்கு லண்டனில் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவன். சிறுநீரகம் பழுதானவர்களை டயலிசிஸுக்கு ஏற்றிப் போவதும் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடுவதும் என் வேலை. இட்ரிஸுக்குச் செவ்வாய், வியாழன், சனி. பின் இருக்கையில் அவருடைய கால் மடங்காது, அதனால் முன்னால் என் பக்கத்தில்தான் இருப்பார். பின்னால் இருக்கிறவர்கள் நித்திரையாகிவிடுவார்கள். பேச்சுக்கு ஆள் நான் மட்டும்தான்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று என் மனைவி வதனி சொல்வாள். பிறவிக் குணமில்லை, படிப்பித்த குணம். பாதியை ஊரில் சோதனைச் சாவடியில் படித்தேன். மீதியைக் குரோய்டனில் அகதி விசாரணை நடக்கும் அந்தப் பெரிய கட்டடத்தில் படித்தேன். தபால்காரன் ஒரு நாள் சிரித்தால் இரண்டு நாள் ஏன் சிரித்தான் என்று யோசிப்பேன்.

2

முதல் மாதம் அவர் தன்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொலைபேசியில் மட்டும் யாரோடோ எனக்கு விளங்காத பாஷையில் கதைப்பார், இடையிடையே ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு நாள், நான் வதனியோடு கதைத்து முடித்ததும் அவர் கேட்டார்: “என்னைப் பற்றி என்ன சொன்னனீர்?”

“மரக்கறி வாங்கிறதைப் பற்றிக் கதைச்சனாங்கள்.”

“நானும் தங்கச்சியோடை மழையைப் பற்றித்தான் கதைக்கிறனான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சம் நெருக்கமாகிவிட்டோம்.

ஒரு வியாழக்கிழமை சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவராகச் சொன்னார்: “நான் வேல்ஸ் நாட்டுக்கு விளையாடினனான்.”

“என்ன விளையாட்டு?”

“றக்பி. ரெண்டு றக்பியும்.”

லண்டனில் எல்லோரும் முன்பு ஏதோவொன்றாக இருந்தவர்கள். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளையில் தொப்பை வைத்த ஆள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் யாழ்ப்பாண மாவட்ட அணிக்கு உதைபந்தாட்டம் ஆடியவர்தான். அவர்கள் எல்லோரும் சொல்வது உண்மையென்றால் மாவட்ட அணியில் கோல் காப்பாளர் மட்டும் ஒன்பது பேர் நின்றிருக்க வேண்டும். இதில் இவர் ஒரே விளையாட்டை இரண்டு என்று வேறு சொல்கிறார்.

மத்தியானம் வண்டிக்குள் இருந்து சாப்பிட்டபடி கைபேசியில் தேடினேன். இருந்தார். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் பதினைந்து பேரில் ஒருவராக நின்றார். இன்னொரு படத்தில் பதின்மூன்று பேரில் ஒருவராக, கொஞ்சம் வயது ஏறி நின்றார். முதல் படத்தில் மூக்கு நேராக இருந்தது. இரண்டாவதில் கோணியிருந்தது. பெயர் ஒத்துப்போனால் போதுமா? பெயரை யாரும் எடுக்கலாம், நானே எடுத்திருக்கிறேன். படத்தைப் பெரிதாக்கிக் காதைப் பார்த்தேன். காது அதே காதுதான்.

அன்று பின்னேரம் அவரை விசாரணை செய்தேன். எந்த இடத்தில் நின்று ஆடினீர்கள், முதல் ஆட்டம் நடந்த அன்று மழையா வெயிலா, மூக்கை உடைத்தது யார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கேட்டார்: “நீர் வாறதுக்கு முந்திப் பொலிஸிலை இருந்தனீரோ?”

3

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு றக்பி என்றால் கண்டிக்காரரும் கொழும்புக்காரரும் ஆடுவது, நீள்வட்டப் பந்து, அடிபிடி, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இட்ரிஸ் கிழமைக் கணக்கில் சொல்லித்தந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்.

அணிக்குப் பதினைந்து பேர் ஆடுவது ஒன்று. பதின்மூன்று பேர் ஆடுவது மற்றது. வெளியாளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருக்கிறவர்களுக்கு இரண்டும் இரண்டு சமயம். வேல்ஸில் பதினைந்துதான் ஆட்டம். அதைச் சம்பளம் இல்லாமல் ஆட வேண்டும் என்று அப்போது சட்டம். இங்கிலாந்தின் வடக்கே பதின்மூன்று பேர் ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேல்ஸில் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை செய்தபடி நாட்டுக்காக ஆடிய பொடியன்களை வடக்கத்தியார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். போனவன் போனவன்தான். ஒரே ஒரு ஆட்டம் அங்கே ஆடினாலும் ஆயுள் முழுக்கப் பதினைந்தை ஆட முடியாது, பழக்க முடியாது. சில இடங்களில் கழகத்தின் கட்டடத்துக்குள் கால் வைக்கவும் முடியாது.

“சம்பளமில்லாமல் ஆடினவை எல்லாரும் சுத்தமான ஆக்களோ?” என்று கேட்டேன். அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

“ஆட்டம் முடிஞ்சு போய் சப்பாத்தை எடுத்தா உள்ளுக்குக் காசு கிடக்கும். ஆர் வைச்சதெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. சப்பாத்துக்குள்ளை எடுத்தவன் நல்லவன். கையிலை வாங்கின நான் துரோகி.”

அந்தச் சொல்லை நான்தான் தமிழில் போடுகிறேன். அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு வேறு சொல் எங்களிடம் இல்லை. எங்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லை ஒட்டியிருக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும்.

வடக்கத்தியார் கடத்தல்காரரைப் போலத்தான் வருவார்களாம். தெருவிளக்கு எட்டாத இடத்தில் காரை விட்டு, தொப்பியை இறக்கிவிட்டு நடந்து வருவார்களாம். ஊரில் பிடிபட்டால் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட முன்னர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்று இட்ரிஸையும் வடக்குக்கு அழைத்துப்போய் ஒரு போட்டியில் இறக்கியிருக்கிறார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வேல்ஸில் கதவு அடைபட்டுவிடும். அதனால் சொந்தப் பெயர் சொல்லமாட்டார்கள், பொய்ப் பெயர்தான்.

“பாத்துக்கொண்டு நிண்ட சனம் அந்தப் பேரைச் சொல்லிக் கத்துது. நான் ஆரையோ கூப்பிடினம் எண்டு நிக்கிறன். பக்கத்திலை நிண்டவன் விலாவிலை குத்தின பிறகுதான் அது நான் எண்டு விளங்கினது.”

நான் இந்த நாட்டுக்கு வந்தது இன்னொருவரின் கடவுச்சீட்டில். மொஸ்கோ விமான நிலையத்தில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட, நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். காசு வாங்கிக்கொண்டு என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் வந்து தொடையில் கிள்ளினான். பொய்ப் பெயரோடு போகிறவனுக்கு அந்தக் கணம் எப்படி இருக்கும் என்பதைப் போகாதவன் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் இட்ரிஸின் ஒரு வசனத்தை முழுசாக நம்பினேன்.

4

ஆனால் ஒரு கதையில் மட்டும் அவர் வழுக்கினார்.

வடக்கே போய் ஒரு வருடத்துக்குப் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். கூட விளையாடியவர்கள் எல்லோரும் பழைய கழகத்தில் கூடியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மழைக்குள் நடந்து போயிருக்கிறார். இது வரைக்கும் எப்போதும் ஒரே கதை. வாசலுக்கு வந்ததும் மாறும். முதல் தடவை சொன்னபோது, சுரங்கத்தில் ஒரு கையை இழந்த காவலாளி வாசலில் நின்று போகச் சொன்னார். இரண்டாம் தடவை, வாசலில் யாருமே இல்லை, பாட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தானாகத் திரும்பி வந்தார். நான் குறித்துக்கொண்டேன், வாயால் சொல்லவில்லை. சந்தேகம் பிடித்தவன் உடனே கேட்கமாட்டான், சேர்த்து வைப்பான்.

இந்த நேரத்தில் என் வீட்டுக்குள்ளேயே ஒன்று நடந்தது.

எங்கள் ஊருக்கு லண்டனில் இரண்டு விளையாட்டுக் கழகம். முன்பு ஒன்றுதான் இருந்தது. பரிசளிப்பு மேடையில் யாருடைய தகப்பனின் பெயரில் கேடயம் கொடுப்பது என்பதில் பிரச்சினை வந்து, கதிரைகள் பறந்து, ஒரு பகுதி பிரிந்து போனது. அந்தக் கழகத்தின் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை. ‘அங்கால்’ என்று மட்டும் சொல்வோம். ஒரே கோயில், ஒரே கடை, பிள்ளைகள் ஒரே தமிழ்ப் பள்ளி. கலியாண வீட்டில் மட்டும் மண்டபத்தின் இரண்டு கரையில் இருப்போம். கழகச் சட்டதிட்டமான எங்கள் யாப்பில் ஒரு விதி இருக்கிறது: ஒரு தரம் அங்கால் போய் ஆடியவன் இனி ஒருபோதும் இங்கால் இல்லை, கழகங்கள் கூடும் வருடாந்த விளையாட்டு விழா நாளில் எங்கள் கூடாரத்துக்குள் வரவும் கூடாது. அந்த விதியை எழுதிய செயலாளர் நான்தான். அன்றைக்கு வரை நல்ல விதி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து சலவை இயந்திரத்தைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சை ஜேர்சி. எங்களுடையது மஞ்சள்.

எனக்கு மகன் ஒருவன்தான். நிதுஷன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தமிழ் விளங்கும், பேசச் சொன்னால் ஆங்கிலத்துக்குள் ‘அப்பா’வைப் போட்டுத் தருவான். அவனைக் கூப்பிட்டு ஜேர்சியைத் தூக்கிக் காட்டினேன்.

“அப்பா, சீரியஸ்லி? ரெண்டும் ஒரே ஊர்தானே.”

“உன்னை ஆர் கூப்பிட்டது?”

“ஒருத்தரும் கூப்பிடேல்லை. என்ட ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்க. உங்கட டீம்ல எல்லாருக்கும் ஃபோர்ட்டி.”

“உன்னை வைச்சு எனக்கு அடிக்கினம். விளங்கேல்லையோ உனக்கு?”

“யாருமே உங்களை நினைக்கேல்லை, அப்பா. அவங்களுக்கு ஒரு டிஃபெண்டர் வேணும். அவ்வளவுதான்.”

நம்புவேனா? செயலாளரின் மகனைப் பிடித்தால் கழகத்தின் மூக்கை அறுத்த மாதிரி. எந்த வீட்டில், யாருடைய தேநீர் மேசையில் இந்தத் திட்டம் போட்டார்கள் என்று கூட ஊகித்துவிட்டேன். வதனியைப் பார்த்தேன். அவள் பச்சை ஜேர்சியை என் கையிலிருந்து வாங்கி உதறிக் கொடியில் போட்டாள். அவளுக்கு முதலே தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டதற்கு, “சோறு ஆறப்போகுது” என்றாள்.

விழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. தலைவர் பாலா அண்ணை தொலைபேசியில் சுருக்கமாகத்தான் கதைத்தார். பாலா அண்ணை எனக்குச் சாதாரண ஆளில்லை. நான் வந்த புதிதில் தன் வீட்டு முன்னறையில் படுக்க இடம் தந்தவர், என் கலியாணத்துக்கு மாப்பிள்ளைப் பக்கத்தில் தகப்பனாக நின்றவர். “விதி எல்லாருக்கும் ஒண்டுதான், சிவா. உம்மட மகனுக்கும் அதுதான்” என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

5

அடுத்த செவ்வாய் வண்டியில் நான் பேசவில்லை. இட்ரிஸ் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“அண்டைக்கு வாசலிலை நிண்டது என்ர அப்பா.”

வண்டியை ஓரமாக விட்டேன்.

“போன மாசம் ஒரு கை இல்லாத ஆள் எண்டியள். பிறகு ஒருத்தரும் இல்லை எண்டியள். இப்ப நான் என்ர மகன்ர கதையைச் சொன்ன உடனை அப்பா வந்திட்டார். எனக்கெண்டு அளவெடுத்துத் தைக்கிறியளோ?”

அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை எனக்குத் தெரியும்.

குரோய்டனில் என்னை இரண்டாம் முறை விசாரித்த பெண் அதிகாரி முதல் விசாரணையில் நான் சொன்னதை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்: அப்போது உன்னை முகாமில் இருந்து கூட்டிவந்தது மாமா என்றாய், இப்போது தனியே வந்தேன் என்கிறாய், இதில் எது பொய்? மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா அப்போதும் ஊரில்தான் இருந்தார். அவருடைய பெயர் அந்தக் கட்டடத்திலிருந்து எங்கே எங்கே போகும் என்ற பயத்தில் அவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அதைச் சொல்லவும் முடியாது. சும்மா இருந்தேன். நம்பகத்தன்மை இல்லை என்று நிராகரித்தார்கள். பிறகு மேன்முறையீடு, வழக்கறிஞர், வருடக்கணக்கான அலைச்சல். கதை மாறும் இடத்தில் பொய் இருக்கிறது என்று அந்த அம்மா நினைத்தார். எனக்கு அங்கேதான் மாமா இருந்தார்.

அதனால் கொஞ்சம் தணிந்து கேட்டேன். “அவர் என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்ல விடேல்லை. அவர் கமிட்டியிலை இருந்தவர். உள்ளுக்கை இருந்து ஆரோ என்னைக் கண்டு சொல்லியிருக்கினம். எழும்பி வாசலுக்கு வந்தார். வாய் திறக்கப் போறார் எண்டு தெரியுது. நான் முந்திட்டன். ‘சும்மா இதாலை போனனான், வாறன்’ எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி நடந்திட்டன். கதவு பூட்டின சத்தம் கேட்டது.”

“பிறகு?”

“பிறகென்ன. அதுக்குப் பிறகும் அவர் கனகாலம் இருந்தவர். நான் வருவன், போவன். அவர் வளத்த புறாவைப் பற்றிக் கதைப்பம், மழையைப் பற்றிக் கதைப்பம். வேல்ஸுக்கு நான் பதின்மூண்டிலையும் ஆடினன். அந்த ஆட்டத்தை வந்து பாத்தவரோ தெரியாது. அண்டைக்கு என்னைப் போ எண்டு சொல்ல வந்தாரோ, உள்ள வா எண்டு கூப்பிட வந்தாரோ, அதுவும் தெரியாது. நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.”

பல வருடத்துக்குப் பிறகு பதினைந்து பேர் ஆட்டத்துக்கும் சம்பளம் வந்துவிட்டது. ஒரே நாளில் எல்லாத் தடையும் போய்விட்டது. பழைய கழகம் விருந்துக்குக் கூப்பிட்டது, படத்தையும் சுவரில் மாட்டியது. இட்ரிஸ் போகவில்லை. அதற்குள் அப்பா இறந்துவிட்டார். அந்த வாசலில் நிற்க அவர் இல்லையென்றால் தனக்கு அங்கே என்ன வேலை என்றார். ஆட்டத்தை விட்ட காலத்திலேயே, வடக்கிலும் ஊரிலும் இருக்கப் பிடிக்காமல் லண்டனுக்கு வந்து கார்த் தொழிற்சாலையில் சேர்ந்து இங்கேயே வயதாகிவிட்டார்.

அவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் எனக்குப் பாதிச் சந்தேகம்தான். கதை எனக்கு மிகவும் அளவாக இருந்தது.

6

விழா ஞாயிற்றுக்கிழமை. கவுன்சில் மைதானத்தின் இந்தத் தொங்கலில் எங்கள் கூடாரம், அந்தத் தொங்கலில் அவர்களுடையது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் கூடாரத்தில் வதனியும் மற்றப் பெண்களும் கொத்துரொட்டிக்கு நின்றார்கள்.

காலையில் எங்கள் அணியும் அவர்களும் மோதினார்கள். நிது பின்னால் நின்று ஆடினான். அவ்வளவு நன்றாக ஆடுவான் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை எங்கள் ஆள் காலை வாரிவிட, விழுந்து எழும்பாமல் கிடந்தான். நான் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டேன். பிறகு நின்றுவிட்டேன். பாலா அண்ணை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிது தானாக எழும்பி, புல்லைத் தட்டிவிட்டு ஓடினான். அவர்கள்தான் வென்றார்கள்.

மத்தியானம் அவன் எங்கள் கூடாரத்தை நோக்கி நடந்து வருவதைக் கண்டேன். பச்சை ஜேர்சி முழுக்க மண். தாயைத் தேடித்தான் வருகிறான், அது எல்லோருக்கும் தெரியும். கூடாரத்துக்குள் கொத்துக்கத்திகளின் சத்தம் நின்றது.

“சிவா, செயலாளர் நீர்தான். உம்மட வாயாலை சொன்னாத்தான் அழகு” என்றார் பாலா அண்ணை. அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

கதிரையிலிருந்து எழும்பினேன். நிது கூடாரத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்தான். எழும்பி வருவது எதற்கு என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அரைச் சிரிப்போடு வாயைத் திறந்தான். “இட்ஸ் ஓகே அப்பா, நான் சும்மா...”

“வா” என்றேன். “உள்ளுக்கை வந்து சாப்பிடு.”

அவன் வரவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பாலா அண்ணையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். எல்லையில் நிற்கும் அதிகாரி கடவுச்சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பது போலப் பார்த்தான். என் பிள்ளை என்னிடமிருந்து வேறு எதைப் படித்தானோ தெரியாது, இதைச் சரியாகப் படித்திருந்தான்.

“சும்மா சொல்லுறீங்களா?”

“இல்லை.”

“பிறகு வீட்ட வந்து கத்துவீங்களா?”

“கத்துவன். அது வேறை. இப்ப வா.”

கயிற்றைக் குனிந்து கடந்து வந்தான். வதனி ஒரு தட்டை நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். என் கையிலும் ஒன்றைத் தந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்தோம். அந்த மேசையில் முதலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். கடைசியாக எழும்பியவர் பாலா அண்ணை.

“அப்ப செயலாளர் பதவியை என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

“நீங்கள்தான் அண்ணை சொல்லவேணும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வீட்டுக்கு வந்து சேர முன்னரே கழகத்தின் வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த முதல் மனிதரை இழந்துவிட்டேன். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். பிறகு வெளியே வந்து, சொன்னபடி நிதுவைப் பார்த்துக் கத்தினேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

7

செவ்வாய்க்கிழமை இட்ரிஸிடம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை விசாரிக்கத் தொடங்கினார்.

“ஆர் முதல்லை வாய் திறந்தது?”

“அவன்தான். நான் பாதியிலை மறிச்சிட்டன்.”

“திரும்பிட்டானோ?”

“திரும்பப் பாத்தவன். அதுக்குள்ளை கூப்பிட்டிட்டன்.”

கொஞ்சத் தூரம் போனோம். திரும்பவும் அதையே வேறு மாதிரிக் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் விட்டு, பின்னேரம் ஏற்றிக்கொண்டு வரும்போது மூன்றாம் தடவை கேட்டார். டயலிசிஸ் முடிந்தால் அவருக்குக் குரல் எழும்பாது. குனிந்துதான் கேட்க வேண்டும்.

“கதிரையாலை எழும்பேக்கை கூப்பிடத்தான் எழும்பினனீரோ? இல்லாட்டி போ எண்டு சொல்லவோ?”

நல்ல பதில் ஒன்று சொல்லியிருக்கலாம். குரோய்டனில் உண்மை சொல்லாத நான் இவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“எழும்பேக்கை எனக்கே தெரியாது. போ எண்டு சொல்லத்தான் எழும்பியிருப்பன் போலை. அவன்ர முகத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் வேறை வார்த்தை வந்தது.”

அவருடைய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்காமல் அப்படியே இருந்தார். இருக்கைப் பட்டியைக் கழற்ற நான் கை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். எண்பது வயதிலும் பிடி இறுக்கமாக இருந்தது.

“அண்டைக்கு அப்பான்ர கையிலை ரெண்டு பியர் கிளாஸ் இருந்தது” என்றார்.

இந்தக் கிளாஸ்கள் முதல் கதையில் இல்லை, இரண்டாவதில் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. இரண்டும் நிறைந்திருந்தனவா, அதில் ஒன்று உள்ளே இருந்த வேறு யாருக்கோ எடுத்ததா, இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேள்விகள் வரிசையாக என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன.

நான் கேட்கவில்லை. பட்டியைக் கழற்றி, மற்றப் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்து, தோளைக் கொடுத்து அவரை மெதுவாக இறக்கினேன்.